கச்சேரி எழுதுவினைஞரும் கூட்டுப் பேரமும்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்தவர் நாவில் நெடுங்காலம் பயின்ற பழமொழி. அரசாங்க உத்தியோகமே வாழ்வுக்கு அரண் என்னும் நம்பிக்கை அதனுள் உறைகின்றது. அவ்வரணின் உறுதியை நாம் ஆராய்ந்து பார்த்தோமில்லை.

1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், தொழிலாளரும் முதலாளியும் செய்துகொள்ளும் கூட்டு உடன்படிக்கைக்குச் சட்ட வலு அளிக்கின்றது. ஆயின், அரசே முதலாளியாக அமையுமிடத்து அச்சட்டம் செல்லாது என அதன் 49 ஆம் பிரிவு விதிக்கின்றது. எனவே, காங்கேசன்துறைச் சீமெந்துக் கூட்டுத்தாபனத் தொழிலாளிக்குத் திறந்திருந்த வாயில், யாழ்ப்பாணக் கச்சேரி எழுதுவினைஞருக்கு அடைபட்டிருந்தது. சம்பளம் கொடுப்பவரே சட்டமும் இயற்றுபவராயிருத்தலின் விளைவு இது.

1947 இல் தொழிற்சங்க உரிமைக்காக அரசாங்க எழுதுவினைஞர் வேலைநிறுத்தம் செய்தபோது சிங்களவரும் தமிழரும் ஓரணியில் நின்றனர். பொலிசாரின் சூட்டுக்கு இரையான கந்தசாமி என்பார் ஓர் எழுதுவினைஞரே. 1956 இன் சிங்களம் மாத்திரம் சட்டத்தின் பின் தமிழ் ஊழியரின் குறை தனிக்குறையாயிற்று. சிங்களத் தேர்ச்சி இன்மையால் 1962 இல் 10 ரூபா சம்பள ஏற்றம் மறுக்கப்பெற்ற செல்லையா கோடீஸ்வரன் நீதிமன்றை நாடினார். அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று 1969 இல் பிரித்தானியக் கோமறைக் கழகம் தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவுக்கோ இறுதி விடை கிடைக்கவேயில்லை.

இவ்வழக்கை நாம் பெருவெற்றியாகப் போற்றுவதுண்டு. ஆயினும், தரவேண்டிய சம்பளத்தைக் கேட்டு வழக்காடுதல் வேறு. தரத்தக்க சம்பளம் யாதெனச் சமமாக அமர்ந்து பேசுதல் வேறு. முன்னது தனியொருவரால் இயலும். பின்னதற்குக் கூட்டு வேண்டும். அக்கூட்டும் சட்டத்தின் துணையின்றி நில்லாது என்பதை 1980 யூலை காட்டிற்று. 300 ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தோருள் ஏறத்தாழ 40,000 பேர், பதவியைத் தாமே விட்டு நீங்கியவராகக் கருதப்பட்டு வேலையிழந்தனர்.

மருத்துவமனையும் தபாலும் நின்றால் அல்லலுறுவோர் ஏழை மக்களே என்பர். அக்கூற்றில் நியாயமுண்டு. ஆனால், வேலைநிறுத்தத்துக்கு வரம்பு கட்டுவோர் பேச்சுவார்த்தைக்கும் வரம்பு கட்டுதல் எவ்வாறு பொருந்தும்? இலங்கை 1972 இல் ஏற்ற சர்வதேசத் தொழில் தாபனத்தின் 98 ஆம் சமவாயம், அரச நிருவாகத்தில் ஈடுபட்டோரையே தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்துகின்றது. ஆசிரியரையும் தபால் ஊழியரையும் அவ்வகுப்பில் அடக்குதல் ஆகாது. அவர்களுக்கேனும் கூட்டுப் பேரவுரிமையும், இரு திறத்தாரையும் கட்டுப்படுத்தும் நடுத்தீர்ப்பும் சட்டத்தால் அமைதல் வேண்டும்.

கோறணமேந்தில் கோழி மேய்ப்பவருக்கும் தம் கூலியைப் பற்றிப் பேச ஓர் இருக்கை வேண்டும். அஃதின்றி அரண் என்பது வெறும் பேச்சே.