நேர்த்திக்கடனும் கல்விக்கடனும்

1

கல்விக்கடனைக் கட்ட முடியாத இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும்போது இரண்டு விதமான பேச்சுகள் உடனே கிளம்புகின்றன. வசூலுக்கு வந்தவனுக்கு ஈவிரக்கம் இல்லை என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடம் போதாது என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும் இரண்டுமே பிரச்சினையைத் தனிமனித குணத்தில்தான் தேடுகின்றன. கடன் என்கிற உறவு எப்படிக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி இரண்டிலும் எழுவதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

2016 ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி இறந்துபோனார். பாரத ஸ்டேட் வங்கியில் கல்விக்கடன் பெற்றவர். அந்த வங்கி தன் கல்வி வராக்கடன்களை ரிலையன்ஸ் குழுமத்தின் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. வசூல் நெருக்கடியே சாவுக்குக் காரணம் எனக் குடும்பத்தார் குற்றம் சாட்டினர். கடனை விற்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான். 2002-ன் சர்ஃபாசி சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. கவனத்திற்குரியது விலை. அந்தக் கடன்கள் பாதிக்கும் குறைவான விலைக்குக் கைமாறின. வாங்கிய நிறுவனத்துக்கோ முழுத் தொகையையும் கேட்கிற உரிமை வந்துவிடுகிறது. ஆக, தள்ளுபடி என்பது நடக்காமலில்லை. கடன்பட்டவருக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

2

இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் கல்லூரிக்குள் நுழைந்தது இதனால்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். நிலம் பிணையாக இல்லாத இடத்தில் பாசமும் மானமும் பிணையாகின்றன. 2015-ல் மத்திய அரசு, 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடன்களுக்கு உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தியது. வராமல்போன தொகையில் 75 சதவீதத்துக்கு அது பொறுப்பேற்கும். வங்கியின் பயத்துக்கு ஈடு இருக்கிறது. மாணவரின் பயத்துக்கு இல்லை.

ஒரு எளிய கணக்கு. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், 10 சதவீதத் தனிவட்டி. படிப்பு முடிந்து ஓராண்டு தவணை விலக்கு. அது முடிகிற நாளில் 4 லட்சம் 5.4 லட்சமாகியிருக்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 7,100 ரூபாய். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு 2009-10 முதல் வட்டி மானியம் வந்தது. ஆனால் அது படிப்புக்காலத்துக்கும் தவணை விலக்குக் காலத்துக்கும்தான். அதற்குப் பின் ஓடுகிற வட்டி, வேலை கிடைச்சுதா இல்லையா என்று விசாரிப்பதில்லை.

3

நான் இருக்கிற ஊர் திருவண்ணாமலை. 1989-ல் வடாற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம். செங்கம், தண்டராம்பட்டு, போளூர்ப் பக்கத்து வேளாண் குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போவது இங்கே சாதாரணம். படித்தது பொறியியல், செய்வது அதற்குச் சம்பந்தமில்லாத வேலை. சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போகத் தவணைக்கு மிஞ்சுவது சொற்பம்.

கோயில் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா சொன்னார்: "ஊட்டாண்ட வந்து நின்னு பேர் சொல்லிக் கூப்டறாங்க சார். தெருவே பாக்குது. புள்ள ரூம உட்டு வெளியவே வர்றதில்ல. சோறு வச்சாலும் அப்படியே கெடக்குது. கொலகாரனா அவன், இன்னா பண்ட்டான்?"

அல்துஸ்ஸர் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெருவில் போலீஸ்காரன் ஒருவரை விளிக்கிறான். திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் அவர் அதிகாரத்துக்குட்பட்ட தன்னிலையாகிறார் என்கிறார். வசூல்காரர் தெருவில் பெயர் சொல்லி விளிப்பதும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. பட்டதாரி, மகன், அண்ணன் என்கிற அடையாளங்கள் எல்லாம் உதிர்ந்து 'கடன்காரன்' மட்டும் மிஞ்சுகிறான். தமிழில் இது வசைச்சொல்லும்கூட. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அது விளிக்கிற நேரத்தை ஒழுங்குபடுத்துகிறது. விளி அப்படியே இருக்கிறது.

விவசாயக் கடனோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2006-ல் தமிழக அரசு கூட்டுறவு விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2008-ல் மத்திய அரசும் செய்தது. விவசாயி படும் அவமானம் குறைவானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழை பொய்த்தது என்று அவர் ஊரறியச் சொல்ல முடியும். வறட்சி என்பது பொதுச்சொல். அதற்கு அளவும் அரசாணையும் உண்டு. வேலை பொய்த்த பட்டதாரிக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. தனியார் கல்லூரிகளைப் பெருக்கியது யார், இத்தனை பட்டங்களுக்கு வேலை எங்கே என்ற கேள்விகள் அவர் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோல்வி அவர் உடம்பின் மேல் எழுதப்படுகிறது. தூக்கமின்மையாக, பசியின்மையாக, கதவைச் சாத்திக்கொள்வதாக.

இந்த இடத்தில்தான் மனநல மருத்துவம் நுழைகிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. இவை தேவை. கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைக்காக அந்த எண்ணை யாரும் தயங்காமல் அழைக்கலாம். என் விமர்சனம் வேறு. ஒரு கை நெருக்கடியை உண்டாக்குகிறது, இன்னொரு கை ஆற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதது போல இயங்குகின்றன. ஆலோசகர் நோயாளியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கலாம். தவணையை நிறுத்திவைக்க அவரால் ஒரு சீட்டு எழுத முடியாது.

4

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது நிலவரி. மகன் பெற்றோர்க்குச் செய்வது கடன், சாமிக்குச் செலுத்துவது நேர்த்திக்கடன். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் இருப்பதை நீட்ஷே 1887-ல் சுட்டிக்காட்டினார். நம்மிடம் கடனும் கடமையும் ஒட்டிக்கிடக்கின்றன. வங்கி இந்த ஒட்டுதலைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆனால் அதே மொழிக்குள் வேறொரு தர்க்கமும் கிடக்கிறது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் நடப்பவர்களில் கடன் தீர வேண்டிக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். குபேர லிங்கத்தின் முன் நிற்கிற கூட்டமே சாட்சி. யார் கடன் எவ்வளவு என்று அங்கே எவரும் கூவுவதில்லை. நேர்த்திக்கடனின் விதி நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: வேண்டியது நடந்தால் செலுத்த வேண்டும். நடக்காவிட்டால் கடன் இல்லை. காரியம் கைகூடுவதே கடனின் நிபந்தனை.

இதைப் பக்தியின் மிச்சம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆஸ்திரேலியா 1989-ல் கொண்டுவந்த கல்விக் கட்டண முறையில், பட்டதாரியின் வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிச் செலுத்துதல் தொடங்கும். அந்த முறைக்கும் குறைகள் உண்டு. இலவசக் கல்வி என்ற கோரிக்கையை அது ஈடுசெய்யாது. ஆனால் வேலை கிடைக்காதவன் கடன் தவறியவன் ஆவதில்லை. தெருவில் பெயர் சொல்லி விளிக்க அங்கே முகாந்திரமே எழவில்லை.

ஆகவே இரண்டைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். தவணை வருமானத்தோடு கட்டப்பட வேண்டும். கடனை விற்பதானால், நிறுவனத்துக்கு விற்கிற அதே விலைக்கு முதலில் கடன்பட்டவருக்கே கொடுக்க வேண்டும். பாதி விலைக்கு ஒரு கம்பெனி வாங்கலாம், படிச்ச புள்ள வாங்கக் கூடாதா? இதற்கு வங்கிகளிடம் என்ன பதில் இருக்கிறது என்பதை மாணவர் இயக்கங்கள் கேட்டு வாங்க வேண்டும்.