சென்னையில் மார்மன்கள் தோற்றது யாரால்?

1850களில் மார்மன் சபை இந்தியாவில் ஏன் வேரூன்றவில்லை? சபை சார்ந்த வரலாறுகளில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது: சாதி, வெயில், ஆங்கிலேய அதிகாரிகளின் எதிர்ப்பு, "சேர்ந்தா சம்பளம் உண்டா?"னு கேட்ட உள்ளூர்க்காரர்கள். பழி மொத்தமும் இங்கே இருந்தவர்கள் தலையில். எனக்கு இது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

1852இல் சால்ட் லேக் சிட்டியில் ஆசியப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 13 பேர், 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் சென்னைக்கு வந்தார். சால்ட் லேக்கில் 1849இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். இங்கே ஓராண்டு இருந்தார், ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆங்கிலத்தில்! கேட்டவர்கள் பெரும்பாலும் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள். இதே கடற்கரையில், தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்கு 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழிலேயே அச்சிட்டுவிட்டார்.

ஆனால் மொழியைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அன்றைக்கு மார்மன் ஆவது என்றால் கடைசியில் யூட்டாவுக்குக் குடிபெயர்வது. பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் ஏழைகளுக்கு அது நிலமும் புதுவாழ்வும் தரும் வாக்கு. ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். கருப்பர் நகரத்தில் குடும்பம் குட்டியோடு இருந்த ஒரு தமிழருக்கு அதில் என்ன இருந்தது?

இரும்பையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது பக்கத்து ஆரோவில்தான் நினைவுக்கு வருகிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு அதைத் தொடங்கினார்கள். உலகமே ஓரிடத்தில் கூடும்போது, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு என்ன இடம்னு கேட்பது எங்க பக்கத்தில் பழகிப்போன கேள்வி. பாலன்டைன் சபையிடம் அதையே திருப்பிக் கேட்கலாம்: கூடும் இடம் அவ்வளவு தூரத்தில் இருந்தால், வர முடியாதவர்களுக்கு என்ன இடம்?

20ஆம் நூற்றாண்டில் சபையே பதிலை மாற்றிக்கொண்டது: அவரவர் ஊரிலேயே இருங்கள். அதன் பிறகுதான் கோவையில் பால் திருத்துவதாஸ் என்ற தமிழர், கைக்குக் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். 1960களில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே ஞாயிறு பள்ளிகள் நடத்தினார். 1993இல் பெங்களூரில் தனி மிஷன் அமைந்தது. 2018இல் அதே ஊருக்கு ஓர் ஆலயம் அறிவித்தார்கள்.

திருத்துவதாஸ் காலத்திலும் சாதி இருந்தது, வெயிலும் குறையவில்லை. மாறியது அழைப்புதான். தோல்விக் காரணங்களின் பட்டியலில் அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.