ஆதம்பாக்கம் மொட்டைமாடியில் விடாது கருப்பு

தமிழ்த் தொலைக்காட்சியில் இதுவரை வந்த தொடர்களிலேயே சிறந்தது எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். 'விடாது கருப்பு'. கேட்காதவர்களிடமும் சொல்வேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறேன். "ஆமாங்க, அந்தக் குதிரை!" என்று எதிரில் இருப்பவர் கண்ணை விரித்தால் போதும், அன்றைக்கு எனக்கு ஒரு உறவு கூடிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுப்பகுதி. 1993இல் தொடங்கிய சன் டிவி வீடு வீடாகக் கேபிள் வழியே நுழைந்துகொண்டிருந்த நேரம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் 'மர்மதேசம்' என்ற பொதுத் தலைப்பில் வரிசையாகத் தொடர்கள் எடுத்தது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். முதலில் வந்தது 'ரகசியம்'. சித்தர்பட்டி என்றொரு ஊர், அங்கே ஒரு பைரவர் கோயில், இருட்டிய பிறகு அதற்குள் இருந்தவர் உயிரோடு திரும்புவதில்லை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நவபாஷாண லிங்கம். அடுத்து வந்ததுதான் 'விடாது கருப்பு'. 'விட்டு விடு கருப்பா' என்ற நாவலை வைத்து எடுத்தது. இந்த இரண்டையும் இயக்கியவர் நாகா. தப்பு செய்தவனைக் கருப்புசாமியே வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிப்பதாக நம்பும் ஒரு கிராமம். சாவுகள் நடக்கின்றன. நடத்துவது சாமியா, ஆளா? கதை மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

2024 நவம்பர் 10ஆம் தேதி இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். செய்தி வந்த அன்று எங்கள் அடுக்ககத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஆதம்பாக்கத்தில் குடியேறிய மாமா ஒருவர் எங்கள் கீழ்வீட்டில் இருக்கிறார். மாத நாவல் காலத்து வாசகர். பெட்டிக்கடையில் கொடி கட்டித் தொங்கிய காலத்திலிருந்து வாங்கி வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவர். அவர்தான் ஆரம்பித்தார். "எல்லாரும் சேர்ந்து மறுபடி பாப்பமா? அவருக்கு நாம செய்யக்கூடியது அதுதானே?" கவிதாலயா இந்தத் தொடர்களை யூடியூபில் போட்டிருக்கிறது. என் அண்ணன் மகள் ஒரு ப்ரொஜெக்டர் கொண்டுவந்தாள். மொட்டைமாடிச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு. பிரதோஷம் வந்தால் மட்டும் எங்கள் ஊர் நந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பும்வரை காத்திருப்போம்.

டைட்டில் மியூசிக் கேட்ட அந்த நொடியை எப்படிச் சொல்வது? ராஜேஷ் வைத்யாவின் இசை. நான் பள்ளிக்கூடச் சிறுமியாக எதிர்வீட்டுத் தரையில் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு கேட்ட அதே இசை. எங்கள் வீட்டில் அப்போது கேபிள் கிடையாது. எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து வைப்பார், தெருவில் பாதிப் பேர் உள்ளே இருப்போம். முடிந்து வீடு திரும்ப ஒரே ஒரு தெருவைக் கடக்க வேண்டும். அந்த ஒரு தெருவுக்கு நாலு பேர் கை கோத்துக்கொண்டு வருவோம். இத்தனை வருடம் கழித்து மொட்டைமாடியில் அது மறுபடி ஒலித்தபோது என் கை தானாகப் பக்கத்தில் இருந்தவர் கையைத் தேடியது. இன்றைக்கு எத்தனையோ கிராபிக்ஸ் வந்துவிட்டது. எதுவும் என்னை இப்படிச் செய்ததில்லை.

சண்டை இரண்டாவது வாரமே தொடங்கிவிட்டது. மாமா நாவல் கட்சி. "புக்குல இம்புட்டு இழுக்க மாட்டாரும்மா. ஒரே ராத்திரில படிச்சு முடிச்சிட்டு விடியுறவரைக்கும் வெளக்க அணைக்காம கெடந்தேன். அந்த வேகம் இதுல எங்க?" நான் தொடர் கட்சி. மாத நாவலுக்குப் பக்கம் கணக்கு உண்டு, அதற்குள் பயத்தைக் கொண்டுவந்து இறக்கியாக வேண்டும். அந்த வித்தையில் இந்திரா சௌந்தர்ராஜன் மன்னன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாரத் தொடர் வேறு வேலை செய்தது. கதையின் நாயகன் ராஜேந்திரன் சிறுவனாக இருந்த காலமும் வளர்ந்து நிற்கும் காலமும் மாறி மாறி வருகின்றன. ஒரு பையன் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் பேச்சைக் கேட்கிறான், அடுத்த காட்சியில் அதே ஆள் நடிகர் சேத்தனின் முகத்தோடு நிற்கிறான். பயம் எப்போது அவனுக்குள் போனது, எப்போது வளர்ந்தது என்பதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாகா பிடிவாதமாக எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில், அதுவும் சீரியலில், பார்ப்பவர்களுக்குப் புரியும் என்று நம்பி இரண்டு காலத்தையும் பின்னிப் போட என்ன துணிச்சல் வேண்டும்! நம்பினார். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகூட அடுத்த நாள் குழாயடியில் கதையை ஒரு இழை விடாமல் சொன்னார்.

ஒரு வாரம் காத்திருந்தோமே, அந்தக் காத்திருப்பையும் நான் தொடரின் கணக்கில்தான் சேர்ப்பேன். அடுத்த எபிசோட் வரும்வரை ஊரே கதை எழுதியது. அவன்தான், இவன்தான், இல்லை அந்தக் கிழவிதான் என்று பந்தயம். இப்போது யூடியூபில் எல்லா எபிசோடும் கையருகே இருந்தும் நாங்கள் ஞாயிறுக்குச் சிலதுக்குமேல் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒருத்தர் மட்டும் ரகசியமாக முன்னால் ஓட்டிப் பார்த்துவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்கு இரண்டு வாரம் சுண்டல் கிடையாது.

அண்ணன் மகள் வேறு உலகத்திலிருந்து வந்தவள். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் 14 தொகுதிகளையும் படித்தவள். 2021இல் அது அமேசானில் தொடராக வந்தபோது, புத்தகத்தில் இருப்பது ஏன் மாறியது, யார் ஏன் சாகிறார்கள் என்று தோழிகளோடு விடிய விடிய வாதாடியவள். மூன்று சீசனோடு 2025இல் அதை நிறுத்திவிட்டார்கள் என்று அறிவிப்பு வந்த நாளில் அவள் சாப்பிடவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' விஷயத்திலும் அவளுக்கு ஆறாத வருத்தம் உண்டு. அதற்கு மூலமான ஜார்ஜ் மார்ட்டின் வரிசையின் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவது வருமுன்பே 2019இல் தொடர் முடிந்துபோனது. எழுத்தாளர் சொல்லாத முடிவைத் திரை சொல்லிவிட்டது. அவள் எங்கள் மாடியில் உட்கார்ந்து சொன்னாள், "உங்க கதையில எழுதினவரே கூட இருந்திருக்கார் அத்தை. ஆரம்பிச்சதை முடிச்சும் இருக்காங்க. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வாயால் கேட்டபோது பெருமையாக இருந்தது. புத்தகக்காரர்களும் திரைக்காரர்களும் உலகம் முழுக்க மோதிக்கொள்ளட்டும். எங்கள் கருப்பு எந்த டிராகனுக்கும் குறைந்தவரில்லை.

ஆனால் எங்கள் மாடியின் பெரிய சண்டை புத்தகமா திரையா என்பதே இல்லை. சாமியா, மனசா என்பதுதான்.

இரண்டாம் மாடி அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மனநலப் பிரிவில் நிறைய வருடம் வேலை பார்த்தவர். கதைக்குள் மனநல மருத்துவம் வருகிறது, அது தரும் விளக்கம் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்த மனிதர்களின் முகத்தோடு வருகிறது. "நான் பாத்திருக்கேன். இதுல சாமி எங்க இருக்கு? சின்ன வயசுல மனசுல விழுந்த அடிதான் எல்லாம்" என்பார். மாமா உடனே நிமிர்ந்து உட்காருவார். அவருக்குக் கருப்பு கதைப் பாத்திரம் அல்ல. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியைக் கும்பிட்டு வளர்ந்தவர். அங்கே சாமியின் உருவத்தை யாரும் பார்ப்பதில்லை. மூடிய பெரிய கதவுகள்தான் சந்நிதி, கதவுக்கே சந்தனம் சாத்துகிறார்கள். ஊர் வழக்கு, பங்காளித் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தக் கதவு முன்னால் வந்து சத்தியத்தில் தீர்ந்திருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்ய நாக்கு எழாது. "டாக்டர் சொல்றது சரியாவே இருக்கட்டும். அந்த மனசைக் கருவியா எடுத்தது யாரு? அதைச் சொல்லுங்க" என்று அவர் கேட்கும்போது விமானம் ஒன்று தாழ்ந்து எங்கள் தலைக்குமேல் மீனம்பாக்கத்துக்கு இறங்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் பேச முடியாது. அக்கா அந்த இடைவெளியில் பதிலைத் தயார் செய்துவிடுவார்.

நான் எந்தப் பக்கம்? வாரத்துக்கு ஒரு பக்கம். அதுதான் இந்தத் தொடர் என்னிடம் செய்கிற மாயம், அதற்காகத்தான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். அழகர்கோயில் கதவைப் பற்றி மாமா சொன்ன பிறகு எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. நாகாவும் அந்தக் கதவைத்தான் கட்டியிருக்கிறார். குளம்புச் சத்தம் கேட்கிறது, புழுதி எழுகிறது, பார்த்தவன் முகம் வெளிறுகிறது. பயந்தவனின் கண்களை நெருக்கமாகக் காட்டுகிறார், அந்தக் கண்கள் எதைப் பார்த்தன என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார். அந்த இடத்தில் அக்கா தன் வார்டில் பார்த்த ஒருவரை வைத்துக்கொள்கிறார். மாமா தன் குலசாமியை வைத்துக்கொள்கிறார். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இருவரையும் மயிர்க்கூச்செறிய வைக்க முடிந்த தொடர் வேறெது?

முடிவை இங்கே எழுதப் போவதில்லை. முப்பது வருடம் ஆகப்போகிறதே, இனி என்ன ரகசியம் என்று கேட்காதீர்கள். எங்கள் மாடியிலேயே முதல்முறை பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். கருப்பு யார் என்று தெரிந்த அந்த இரவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாயைவிட்டு எழுந்து நின்றுவிட்டான். அந்த அதிர்ச்சியை எந்த வாசகரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனசு வராது.

நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சேத்தனை இன்று சினிமாவில் பெரிய பாத்திரங்களில் எல்லாரும் பாராட்டுகிறார்கள். நாங்கள் அன்றே பார்த்துவிட்டோம். தேவதர்ஷினியும் இதில் நடித்தவர். இருவரும் இந்தத் தொடரில்தான் சந்தித்து, பிறகு திருமணம் செய்துகொண்டார்கள். அத்தனை சாவு விழுந்த கதையிலிருந்து இப்படி ஒரு கல்யாணம் கிளம்பியது என்று அக்கா ஒவ்வொரு வாரமும் ஆச்சரியப்படுவார், நாங்களும் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்போம்.

நீங்கள் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரவில் பாருங்கள், தனியாகப் பார்க்காதீர்கள், வேகத்தைக் கூட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். படம் பழசு, ஒளி கொஞ்சம் மங்கல். அந்த மங்கலும் கதைக்குச் சாதகம்தான். கூட ஒரு நாவல் கட்சிக்காரரைக் கட்டாயம் உட்கார வையுங்கள்.

எங்கள் மாடியில் அடுத்து என்ன என்பதற்கு இப்போது வாக்கெடுப்பு நடக்கிறது. அதே 'மர்மதேசம்' வரிசையின் 'சொர்ண ரேகை' என்று அண்ணன் மகள் நிற்கிறாள். 'ரகசியம்' என்று மாமாவும் நானும் முதல்முறையாக ஒரே கட்சியில் நிற்கிறோம். பழனி முருகன் சிலையைப் போகர் ஒன்பது பாஷாணங்களால் செய்தார் என்ற கதையைச் சொல்லி அவர் பிள்ளைகளை இழுக்கிறார். ஈசனே பிருங்கி முனிவருக்கு நந்தியாகக் காட்சி தந்த இடம் என்று சொல்லும் இந்த ஆதம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பைரவர் கோயில் கதையை விடலாமா என்று நான் கேட்கிறேன். அக்கா மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நவபாஷாணத்துக்கு மருத்துவம் என்ன சொல்கிறது என்று முதலில் படித்துவிட்டு வருகிறேன், அப்புறம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.