பருத்திப்பாலும் ஓட்ஸ் பாலும்

காபிக் கடையில் ஓட்ஸ் பாலா, மாட்டுப் பாலா என்ற சண்டையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நரிக்குடிதான் ஞாபகம் வருது. எங்க பக்கம் தாவரப் பால் புதுசு இல்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சினால் பருத்திப்பால்.

2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவர பானங்களை இணையக் கடைகளில் ‘பால்’ என்று விற்கக் கூடாது என்றது. தேங்காய்ப் பால் போல உலக வழக்கில் நிலைத்த பெயர்களுக்கு விலக்கு உண்டு. என் குறை இங்கேதான். இது ‘மில்க்’ என்ற சொல்லை வைத்து யோசித்த விதி. தமிழில் கள்ளிக்கும் எருக்குக்கும்கூடப் பால் உண்டே!

அதே ஆண்டு, தாவரப் பாலுக்கு மாறும்படி அமுலுக்குக் கடிதம் எழுதியது பீட்டா. அந்த வாதத்திலும் ஓட்டை இருக்கு. மானாவாரி பூமியில் மழை பொய்த்தால் அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது கறவை மாடு. அந்த மாட்டுக்கு வைப்பதும் பருத்திக்கொட்டைதான். ஒரே கொட்டை, ரெண்டு பால்.

இங்கே ரெண்டுக்கும் சண்டை வராததற்குக் காரணம், பருத்திப்பாலை யாரும் காபியில் ஊத்தலை. அது தனிப் பானம். ஓட்ஸ் பாலோ பசும்பால் மாதிரி நுரைக்கணும், காபியில் திரியக் கூடாது. அதுக்காக எண்ணெயும் உப்புகளும் சேர்க்கிறாங்க. நகலாக வந்ததால்தான் பெயர்த் தகராறு.

ஆனால் விதி நகலையும் அசலையும் பிரிப்பதில்லை. நாளைக்கு நரிக்குடியில் ஒரு மகளிர் குழு பருத்திப்பாலைப் பாட்டிலில் அடைத்து விற்க நினைத்தால், மேலே என்ன பெயர் போடுவாங்க?