கான்கிரீட்டுக்குள் பைப் தேடுகிறவர்

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. இந்தப் பக்கத்து ஓட்டு வீடுகளில் வயர் மரப்பட்டியின் மேல் கண்ணெதிரே ஓடும். தார்சு வீடு வந்தபோது அது பைப்புக்குள் புகுந்து, பைப்பும் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. இன்று அந்தத் தளத்தில் ஃபால்ஸ் சீலிங் மாட்டவும், சுவரில் ஏசி, கீசர் வைக்கவும் டிரில்லிங் மெஷினோடு ஆள் வருகிறார். அவர் துளை போடுமுன் பைப் போகும் வழியைச் சாக்பீஸால் கோடிட்டுக் காட்டும் எலக்ட்ரீஷியனின் வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

தேர்ந்த கை எடுத்தவுடன் சுவரைத் தொடாது. மெயினை அணைப்பார், கூடவே இன்வெர்ட்டரையும். மெயின் போனாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் நிற்கும். பிறகு ஃபேன் பாக்ஸைத் திறந்து, பைப் எந்தப் பக்கத் துளையில் நுழைகிறது என்று அண்ணாந்து பார்ப்பார். சுவரில் காடி வெட்டிப் புதைத்த பைப் பெரும்பாலும் செங்குத்தாகவோ படுக்கையாகவோதான் போகும். தளத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் என்ற அவசரத்தில் பைப் போட்டவர் குறுக்கு வழியில்தான் இழுத்திருப்பார். என்றைக்கோ வேலை முடித்துப் போன அந்த ஆளின் யோசனையைத்தான் இவர் தேடுகிறார்.

நான் மிகவும் ரசிப்பது அடுத்த கட்டத்தை. வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை ஒரு பாக்ஸில் விட்டு மறு பாக்ஸில் எட்டிப் பார்க்கவைத்து, அடையாளம் வைத்து உருவி, தரையில் நீட்டி அளப்பார். இரண்டு பாக்ஸுக்கும் நேர்த்தூரம் 12 அடி, ஸ்பிரிங் 12½ அடி என்றால் பைப் ஏறக்குறைய நேராக வந்திருக்கிறது. ஒரே ஒரு செங்கோணத் திருப்பம் என்றால் எப்படிப் போனாலும் 17 அடியைத் தாண்டாது. தாண்டினால் எங்கோ இன்னொரு பெண்ட் இருக்கிறது. இவ்வளவு கணக்கும் ஒரு கம்பிச்சுருளில் இருந்து!

கருவிகளும் உண்டு. மெட்டல் டிடெக்டர் தளத்தில் கம்பிக்குக் கம்பி கத்தும். பிவிசி பைப்புக்கு அது ஊமை. பூசிய சுவரில் ஒரு வேடிக்கை: காடியை மூடும்போது வெடிப்பு வராமலிருக்க மேலே அடித்த கோழிவலை பட்டையாகச் சத்தம் கொடுத்து பைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்னல் அனுப்பித் தேடுகிறவர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடிக்கமாட்டார். ஒரே பைப்பில் மின்னோட்டம் ஒன்றில் போய் மற்றதில் திரும்புவதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு வயரை மட்டும் கழற்றி, தனியாக எர்த்தைத் துணைக்கு வைத்து அனுப்புவார். போஷ், ஹில்டி நிறுவனங்களின் ரேடார் கருவி காலி பைப்பைக்கூடக் காட்டும். ஆனால் கம்பி நெருக்கமாக இருந்தால் அந்தத் திரையைப் படிக்கவும் இதே அனுபவம் வேண்டும். கருவியை மட்டும் நம்புகிறவரைவிட ஸ்பிரிங்கை அளக்கிறவரையே நான் கூப்பிடுவேன்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களே, தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் டேப்பை விரித்துவைத்து, நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுங்கள். சுவர் பூசுமுன் இன்னொரு முறை எடுங்கள். வீட்டுப் பத்திரத்தோடு அவற்றையும் பத்திரமாக வையுங்கள்.