நுனியில் தொடங்கும் பின்னல்

எண்ணூர்க் கழிமுகத்தில் வீசும் வீச்சு வலையும் கைக்குழந்தைக்குப் பின்னும் கம்பளி சாக்ஸும் ஒரே முறையில் உருவாகக்கூடியவை. மூடிய நுனியில் சில கண்களைப் போட்டுத் தொடங்கி, கண்களைக் கூட்டிக்கொண்டே வந்து, திறந்த வாயில் முடிப்பது அந்த முறை. வலைக்கு நுனி, கைக்கயிறு கட்டும் உச்சி. வாய், ஈயக்குண்டு கோத்த அடிவிளிம்பு. சாக்ஸுக்கு நுனி, கால்விரல் முனை. வாய், கணுக்காலுக்கு மேல் வரும் பட்டி. எதிர்த்திசையிலும் பின்னலாம். ஐரோப்பியக் கைப்பின்னல் மரபில் சாக்ஸ் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் நுனித் தொடக்கமே சிறந்தது என்று இன்று சாக்ஸ் பின்னுவோரில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை எவ்வளவு தகும் என்று உரசிப் பார்க்க, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வலைத்தொழில் நமக்கு உதவும்.

வீச்சு வலையைக் கையால் பின்ன மூன்று பொருள் போதும்: நூல், நூல் சுற்றிய வலை ஊசி, கண்ணின் அளவு மாறாமல் காக்கும் ஒரு மூங்கில் பட்டை. சிறு கயிற்று வளையத்தில் முதல் வரிசைக் கண்களைத் தொங்கவிட வேண்டும். அடுத்த வரிசையின் ஒவ்வொரு கண்ணும் மேல்வரிசைக் கண் ஒன்றில் முடிச்சு விழுந்து இறங்கும். குறித்த இடங்களில் மட்டும் கூடுதலாக ஒரு கண் போட வேண்டும். இப்படிக் கண் கூட்டுவதுதான் வலையை விரியவைக்கிறது. தட்டையான வட்டமாக விரிய வேண்டுமானால், ஆரம் ஒரு சாண் கூடும்போது சுற்றளவு ஏறக்குறைய ஆறேகால் சாண் கூட வேண்டும். மிகவும் குறைத்துக் கூட்டினால் வலை புனல் போலக் குவிந்து நின்றுவிடும்; எவ்வளவு நன்றாக வீசினாலும் விரியாது. மிஞ்சிக் கூட்டினால் விளிம்பு கொசுவம் கொசுவமாக மடங்கும். எத்தனை வரிசைக்கு ஒருமுறை, எத்தனை கண்ணுக்கு ஒன்று என்ற வாய்பாடு பின்னுகிறவர் கையில் இருக்கிறது. வட்டத்தின் கணக்கை ஏட்டில் படிக்காதவரும் அதைப் பிசகாமல் போடுகிறார்.

சாக்ஸில் இந்தப் பெருக்கம் சீக்கிரம் நின்றுவிடும். இரண்டு ஊசிகளிலும் எட்டு முதல் பன்னிரண்டு கண் வரை ஏற்றி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மெல்லிய நூலில், பெரியவர் பாதத்துக்கு 60 முதல் 72 கண் சேர்ந்ததும் கூட்டுவது முடிந்துவிடும். பிறகு குதிகால் வரை நேரான குழாய்தான். சிக்கல் அந்த முதல் கண்களை ஏற்றுவதில் இருக்கிறது. விரல் முனை மூடியிருக்க வேண்டும். அதன் இரு புறத்திலும் பின்னலைத் தொடரத் திறந்த கண்களும் இருக்க வேண்டும். இதற்குப் பல வழிகள் உண்டு. இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்றிக்கொண்டே போவது துருக்கி முறை. எளிது, ஆனால் முதல் கண்கள் வழுவழுவென்று நகரும். ஊசிகளுக்கு நடுவே எட்டு வடிவில் நூலை ஓட்டுவது இன்னொன்று. அதில் ஒரு பக்கத்துக் கண்கள் தொளதொளவென்று நிற்பதால், பின்னால் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்க வேண்டியிருக்கும். 2006இல் ஜூடி பெக்கர் ‘நிட்டி’ இதழில் வெளியிட்ட ‘மேஜிக் காஸ்ட்-ஆன்’ முறை, நூலின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிச் சுற்றி, தொடக்கத்திலேயே இறுக்கமான, தையல் தெரியாத முனையைத் தருகிறது. நூலைச் சுற்றும் திசை பிசகினால் ஒரு ஊசியின் கண்கள் திரும்பி உட்கார்ந்துவிடும். முதல் சுற்றில் அவற்றைப் பின்புறமாக எடுத்துப் பின்னத் தெரியாவிட்டால் முறுக்கு அப்படியே தங்கிவிடும்.

இந்தத் திசை புதிதன்று. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்து, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சிவப்புக் கம்பளிச் சாக்ஸ், சுமார் 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டது. பெருவிரலைத் தனியே பிரித்த அந்தச் சாக்ஸ், ஒற்றை ஊசியால் கண் கோத்து விரல் முனையிலிருந்து மேலே வந்திருக்கிறது. இரண்டு ஊசியால் பின்னுவதைவிட வலை பின்னுவதற்கே அந்த வேலை நெருக்கமானது.

நுனித் தொடக்கத்தின் முதல் பலம், அளவைக் கடைசி வரை முடிவு செய்யாமல் வைத்திருக்க முடிவது. சாக்ஸைப் பாதியிலேயே காலில் போட்டுப் பார்க்கலாம். கையில் நூல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குப் பின்னி முடிக்கலாம். மேலிருந்து வருகிறவருக்கோ விரல் முனையை எட்டுமுன் நூல் தீர்ந்துவிடுமோ என்ற கவலை. வலைக்கும் இது பொருந்தும். வீசுகிறவரின் உயரம், தோள்வலு, நிற்கிற தண்ணீரின் ஆழம் ஆகியவற்றைப் பார்த்து, இன்னும் சில வரிசை இறக்கலாம், இல்லையென்றால் இத்தோடு நிறுத்தி ஈயம் கோக்கலாம்.

இரண்டாவது பலம் தையல் இல்லாமை. மேலிருந்து பின்னிய சாக்ஸின் விரல் முனையை மூட, முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டன் போர் அமைச்சர் கிச்சனரின் பெயரால் வழங்கும் இணைப்பு வேலை தேவைப்படும். பின்னத் தெரிந்த பலருக்கும் அது கைவராது. உச்சியிலிருந்து பின்னிய வலையில் இழுவிசை எல்லாப் பக்கமும் சீராகப் பரவுகிறது. துண்டுகளைத் தைத்துச் செய்த வலையில் தையலை ஒட்டியே விசை குவிந்து கிழிய வாய்ப்பு அதிகம்.

இதுவரை இரண்டுக்கும் ஒரே தீர்ப்புத்தான். தேய்மானத்தைக் கணக்கில் எடுத்தால் தீர்ப்பு பிரிகிறது. ஊசியால் பின்னிய துணி, முடித்த முனையிலிருந்துதான் தடையின்றிப் பிரியும். தொடங்கிய முனையிலிருந்து அப்படிப் பிரிக்க முடியாது. சாக்ஸ் தேய்வது விரல் முனையிலும் குதிகாலிலும். நுனியில் தொடங்கிய சாக்ஸில் ஓட்டை விழும் இடமே தொடக்க இடமாக இருப்பதால், நாலு வரிசை பிரித்து மறுபடி பின்னும் சுலபம் கிடையாது. வெட்டி எடுத்துக் கண்களைப் பொறுக்கி எதிர்த்திசையில் பின்ன வேண்டும். மேலிருந்து பின்னியதில் விரல் முனை கடைசியாக வருவதால், பழையதைப் பிரித்துப் புதியதைப் பின்னிவிடலாம். நுனித் தொடக்கத்தைப் புகழ்கிறவர்கள் முதல் நாள் சாக்ஸைப் பார்க்கிறார்கள். மூன்றாம் வருடத்துச் சாக்ஸைப் பார்ப்பதில்லை.

வலையில் கதை தலைகீழ். உச்சி தண்ணீரில் மிதமான இழுப்பை மட்டும் தாங்குகிறது. தரையில் உராய்வது ஈயம் கோத்த விளிம்பு. எண்ணூரில் அந்தத் தரை இப்போது மிகவும் மோசம். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைத் தூர்த்திருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து, மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் சிப்பி, படுகையைக் கம்பளம் போல மூடி இறாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓடுகளின் மேல் இழுபடும் விளிம்புதான் முதலில் அறுபடும். உச்சியிலிருந்து பின்னிய வலையில் அந்த விளிம்பு கடைசி வரிசைகளாக இருப்பதால், கிழிந்ததை வெட்டிவிட்டு மேல் கண்களிலிருந்து புது வரிசை இறக்கலாம். கெட்டுப்போகும் இடமும் முடியும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் பழுதுபார்ப்பவருக்கு வசதி. இந்த அளவுகோலில் நுனித் தொடக்கம் வலைக்குக் கச்சிதம், சாக்ஸுக்கு அரைகுறை.

அடுத்த குறை கற்பவர் சார்ந்தது. எந்தப் பின்னலிலும் கை பழகப் பழகத்தான் இழுவை சீராகும். நுனித் தொடக்கமோ மிக நுணுக்கமான வேலையைப் பழகாத கையிடம் முதல் நாளே கேட்கிறது. தொடக்கத்தில் ஒரு கண் குறைந்தால் அதன் மேல் எழும் எல்லாக் கணக்கும் சாய்ந்துவிடும். சாக்ஸ் பழக வந்தவர் எட்டுக் கண்ணை ஏற்ற முடியாமல் ஊசியை வைத்துவிட்டுப் போவதற்கு இதுவே காரணம். அவருக்குப் பின்னல் வராமல் இல்லை; பின்னலுக்கே அவர் இன்னும் வரவில்லை.

வலைத்தொழிலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி இருந்தது. பழகுகிறவருக்கு முதலில் வலை ஊசியில் நூல் ஏற்றுவது, பிறகு கிழிசல் அடைப்பது என்று வேலை கிடைக்கும். கிழிசலைச் சுற்றிலும் நல்ல கண்கள் இருப்பதால், அளவையும் முடிச்சையும் அவையே சொல்லிக்கொடுக்கும். காசிமேடு துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளின் வலைகளைச் செப்பனிடும் காலமும்கூட. முடிச்சு பழக அதைவிட நல்ல பள்ளி கிடையாது. புது வலை என்றால் மூத்தவர் உச்சியைப் போட்டுக் கொடுப்பார், இளையவர் தொடர்வார். பாட்டி புள்ளி வைத்துக் கொடுக்க, பேத்தி கோலத்தை இழுப்பது போன்ற ஏற்பாடு.

ஏற்பாடு நல்லது, ஆனால் அதற்குள்ளேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. எப்போதும் வேறொருவர் தொடங்கிக் கொடுத்தால், தொடங்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகும். நடுவில் பின்னத் தெரிந்தவர் பலர் இருந்தும், உச்சி போடத் தெரிந்தவர் இல்லையென்றால் புது வலை பிறக்காது. இயந்திரம் நெய்த நைலான் விரிப்புகள் கடைக்கு வந்தபின் அந்தத் தேவையும் சுருங்கியது. இயந்திர விரிப்பு பொதுவாக ஒரே அகலத்தில்தான் வரும். உருவம் வேண்டுமானால் கணக்குப் பார்த்து வெட்டி இணைக்க வேண்டும். காசிமேட்டின் இழுவலைகள் இப்படித்தான் உருவாகின்றன. அதிலும் கணக்கு உண்டு, திறமை உண்டு. அதைத் தாழ்ந்த வேலை என்று ஒதுக்குவது கைவினை மோகம் மட்டுமே.

பொருளாதாரமும் வெட்டி இணைப்பதன் பக்கம்தான் சாய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, வலைகள் எண்ணெயில் ஊறி வீணாயின. கடையில் வாங்கிய வலை போனால் காசு போகிறது. கையால் பின்னிய வலை போனால் கூலி கணக்கிட முடியாத உழைப்பும் சேர்ந்து போகிறது. தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் மெதுவான முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல, கரையில் நிற்பவருக்கு உரிமை இல்லை.

ஆக, நுனித் தொடக்கம் பொதுவாகச் சிறந்தது என்ற கூற்று நிற்காது. பொருள் எங்கே தேயும் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த இடம் கடைசியில் வரும்படி திசையைத் தேர வேண்டும். தினமும் நடந்து தேய்க்கும் சாக்ஸை மேலிருந்து பின்னுவதே மேல். மாதக் கணக்கில் சிறுத்துப்போகும் குழந்தை சாக்ஸையும், கையில் அளவாக மட்டும் நூல் உள்ளபோது பின்னுவதையும் விரல் முனையிலிருந்து தொடங்கலாம். வீச்சு வலைக்கு உச்சியை விட்டால் நல்ல தொடக்கம் இல்லை.

கற்றுத்தரும் வரிசை வேறு விஷயம். முதலில் செய்ய வேண்டியதை முதலில் கற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கிழிசல் அடைப்பது, பிறகு கண் கூட்டுவது, கை சீரானபின் தொடக்கம் என்ற வலைக்காரர் வரிசை சாக்ஸ் வகுப்புக்கும் பொருந்தும்: முதல் ஜோடிக்கு ஆசிரியரே கண் ஏற்றிக் கொடுக்கட்டும். இரண்டாவது ஜோடியின் தொடக்கத்தை மாணவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். அந்த இரண்டாவது பாதியை மறந்ததுதான் வலைத்தொழிலின் பிழை.