பட்டதா, எவ்வளவு: ஒரு வெட்டுக்கு ஏன் இரண்டு பகடை?

டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு ஆர்க்கை வாளால் வெட்ட இரண்டு முறை பகடை உருட்ட வேண்டும். முதலில் இருபது முகப் பகடை: அடி பட்டதா? பட்டால் இன்னொன்று: எவ்வளவு சேதம்? பழகிப்போனதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது.

2014 பதிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆர்க்கின் ஆர்மர் கிளாஸ் 13, ஹிட் பாயிண்ட் 15. நம்ம ஆள் முதல் லெவல் ஃபைட்டர். பகடையோடு 5 கூட்டிக்கொள்ளலாம். ஆக, 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், 65 சதவீத வாய்ப்பு. நீள்வாளுக்கு எட்டு முகப் பகடையோடு 3. இப்போது கவனியுங்கள். 19 விழுகிறது, மேசையே ஆரவாரிக்கிறது. சேதத்துக்கு 1 விழுகிறது, மொத்தம் 4. யானைப் பசிக்குச் சோளப்பொரி! பக்கத்தில் இருப்பவர் தட்டுத்தடுமாறி 8 போடுகிறார், சேதத்துக்கும் 8 விழுந்து 11 அடிக்கிறார். எவ்வளவு நன்றாகக் குறி வைத்தோம் என்ற தகவலை முதல் பகடை சொல்கிறது, விதி அதைக் குப்பையில் போடுகிறது. 20 விழுந்தால் மட்டும் சேதப் பகடை இரட்டிப்பாகும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய செயின்மெயில் ஒரு போர் விளையாட்டு. அதில் சாதாரண வீரனுக்கு அடி பட்டால் செத்தான், கதை முடிந்தது. அங்கே 'பட்டதா?' என்பது உயிர்போகும் கேள்வி. ஆனால் ஒரே கதாபாத்திரத்தை வாரக்கணக்கில் வளர்ப்பவருக்கு ஒரே அடியில் சாவது கசக்கும். தன் ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று டேவ் ஆர்னஸனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974இல் வந்த டி அண்ட் டியில் ஹிட் பாயிண்ட் இருந்தது. எந்த ஆயுதமானாலும் ஆறு முகப் பகடைதான். ஆயுதத்துக்கு ஆயுதம் சேதம் மாறியது 1975இல், கிரேஹாக் இணைப்பில்.

என் வாசிப்பு இதுதான்: சாவைத் தள்ளிப்போட இரண்டாவது பகடை வந்தது, ஆனால் முதலாவது வேலையை விட்டுப் போகவில்லை. மேலே சொன்ன ஆர்க்கை 20 விழாமல் ஒரே வெட்டில் கொல்லவே முடியாது. அப்புறம் எதற்கு வாசலில் ஒரு காவல்காரன்? ஐந்து பேர் மேசையில் உங்கள் முறைக்காகக் காத்திருந்து, உருட்டி, 'படலை' என்று கேட்டால் கதையில் எதுவுமே மாறவில்லை. ஆட்டக்காரர் கைபேசியை எடுப்பது அந்த நேரத்தில்தான்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) இலக்கை 10 தாண்டினாலே கிரிட்டிக்கல் என்கிறது. 19இன் மானம் கொஞ்சம் பிழைக்கிறது, மனக்கணக்கு கூடுகிறது.

கிறிஸ் மெக்டவலின் இன்ட்டு தி ஆட் முதல் பகடையையே தூக்கிவிட்டது. தாக்கினால் சேதம் உருட்டு, கவசத்தைக் கழி, அவ்வளவுதான். அங்கே எச்பி என்றால் ஹிட் ப்ரொடெக்ஷன், அடிபடாமல் தப்பிக்கும் திராணி. அது தீர்ந்த பிறகுதான் உடம்பில் காயம், வலிமை குறையும்.

இதற்கும் விலை உண்டு. தவறவே தவறாத அடி என்றால் எதிரியின் அடியும் தவறாது. மூன்று ரவுண்டு அசட்டையாக நின்று சண்டை போட முடியாது. பேரம் பேசுவதா, ஓடுவதா, பொறி வைப்பதா என்று வாளை உருவும் முன்பே யோசிக்க வேண்டும். வீரசாகசம் வேண்டுபவர்களுக்கு டி அண்ட் டியே சரி. குகைக்குள் பயந்து பயந்து போகும் ஆட்டத்துக்கு நான் மெக்டவல் பக்கம்.